சத்தம் மட்டும் ஓடியது

பொன்னாயியின் தலைமுடி அவளுடைய தம்பி மாரியப்பனின் கையில் இருந்தது.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் அவளை முழங்காலில் நிறுத்தி, முடியை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான். பாத்திரங்கள், துணி மூட்டை, அரிசிச் சாக்கு எல்லாம் மண்ணில் கிடந்தன. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. மாரமங்கலத்து எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போயிருக்க வேண்டிய இருபது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"கொலகாரன் பொண்டாட்டிக்கு இந்த லைன்ல என்ன வேல? எந்திரிச்சுப் போடி!"

ஜீப் ஒன்று வந்து நின்றது. அற்புதம் இறங்கினாள். ஐம்பதை நெருங்கும் வயது, பருத்திப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. பதினெட்டு வருடம் போலீஸில் இருந்துவிட்டு, வேலையை விட்டு, இப்போது சேலத்தில் தனியாகத் துப்பறிபவள். நேராக மாரியப்பனிடம் நடந்தாள்.

"கையை எடு."

"நீ யாருடி கேக்க..."

அவன் முடிப்பதற்குள் அவனுடைய கட்டைவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினாள். சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். மாரியப்பன் அலறியபடி மண்ணில் சாய்ந்தான். கூட்டத்திலிருந்து இன்னொருவன் கவாத்துக் கத்தியோடு பாய்ந்தான். குறுக்கே விழுந்தான் லோகேஷ். கத்தி விலகிப் போனது. கத்திக்காரனின் முழங்கை மட்டும் லோகேஷின் மூக்கில் இறங்கியது.

லோகேஷ் அற்புதத்தின் உதவியாளன். அதற்கு முன்பு ஆம்புலன்ஸ் டிரைவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அக்கா, ஆம்புலன்ஸ் ஓட்டின காலத்துல ரத்தமெல்லாம் பின்னாடிதான் இருக்கும். உங்ககிட்ட வந்தப்பறம் டிரைவர் சீட்டுக்கே வந்துருச்சு."

"நிறுத்துங்க!" மேட்டிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். "இவங்கள வரச் சொன்னது நான். போங்க எல்லாரும்!"

கூட்டம் கலைந்தது. கத்திக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். காரணம், அந்தப் பெண் அபிஷா. செத்துப்போனவரின் மகள்.

செத்துப்போனவர் தேவசிகாமணி, கெமிக்கல் என்ஜினியர். ஓய்வு பெற்ற பிறகு மலையேறி வந்து, காப்பிப் பழம் கழுவிய தண்ணீரைச் சுத்தம் செய்ய இந்த எஸ்டேட்டின் பழத்தோல் உரிக்கும் பல்பர் ஷெட்டில் ஒரு எந்திரம் கட்டினார். கழுவிய தண்ணீர் அப்படியே ஓடையில் விழுந்தால் மீன் சாகும், கிணறு நாறும். மாரியப்பனின் மகளைப் பாம்பு கடித்தபோது மடியில் கிடத்திக்கொண்டு சேலம் வரை போனவர் அவர். எஸ்டேட்டில் அவருக்காக உயிரைக் கொடுக்கப் பலர் இருந்தார்கள். உயிரை எடுக்கவும்.

செவ்வாய்க்கிழமை மாலை நாலேகாலுக்கு, ஷெட்டில் வேலை செய்த கருப்பண்ணன் இரண்டு கையிலும் ரத்தத்தோடு வெளியே ஓடிவந்தான். உள்ளே தேவசிகாமணி மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு பெரிய ஸ்பானர். "நான் போறப்பவே இப்பிடித்தான் கெடந்தாருங்க" என்று அவன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆறு பேர் அவனைக் களத்துக்கு இழுத்துப்போய் உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். தாடை போயிற்று, மூன்று விலா போயிற்று, வலது கண் போயிற்று. இப்போது சேலத்து ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான். அந்த ஆறு பேர் யார் என்று போலீஸ் கேட்டதற்கு மாரமங்கலத்தில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அவன் மனைவி பொன்னாயியும்.

அற்புதம் அரிசிச் சாக்கைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"உன் புருசனை அடிச்சதுல இந்தத் தம்பியும் உண்டா?"

பொன்னாயி குனிந்து பாத்திரங்களைப் பொறுக்கினாள்.

"சரி. அதை விடு. நீ போலீஸ்ல என்னமோ சொன்னியாம், அவங்க சிரிச்சாங்களாம். அதை என்கிட்ட சொல்லு."

"நீங்களும் சிரிப்பீங்கக்கா."

"இவனைப் பாரு, மூக்குல பஞ்சு வெச்சிருக்கான். இவனைப் பாத்தே நான் சிரிக்கல."

பொன்னாயி புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். துணியில் ரத்தம் ஒட்டியது.

"அன்னிக்கு ரெண்டு மணி இருக்குமுங்க. களத்துல இருந்த அவருக்குச் சோறு கொண்டுட்டுப் போனன். போற வழில ஷெட் சன்னல்ல எட்டிப் பாத்தனுங்க. தெனமும் பாப்பனுங்க. அந்தக் கண்ணாடிக் கொழாய்த் தண்ணி மோராட்ட வெள்ளையா நிக்கும், பாக்க நொம்ப நல்லாருக்கும். அன்னிக்கு மோரே இல்லீங்க. தண்ணி கலங்கலா இருந்துச்சு. எலுமிச்சங்கா தண்டி குமிழிங்க, குடுகுடுன்னு மேல ஓடுச்சுங்க."

"மோட்டார் நின்னிருந்துச்சா?"

"இல்லீங்க, அதான் ஆச்சரியம். சத்தம் கடகடன்னு கேட்டுட்டேதான் இருந்துச்சு."

"என்ஜினியரைப் பாத்தியா?"

"சன்னல்ல கொழாய்தான் தெரியும். கீழ தெரியாதுங்க."

லோகேஷ் காதோரம் குனிந்தான். "அக்கா, கொலை கேஸ்ல குமிழி சாட்சி. கோர்ட்ல ஊதிக் காட்டச் சொல்லுவாங்க."

அற்புதம் சிரிக்கவில்லை. "அபிஷா கண்ணு, ஷெட்டைத் தொறந்து காட்டு" என்றாள்.

ஷெட்டில் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். நாற்பத்தைந்து வயது, கண்ணாடி, நெஞ்சுப் பையில் மூன்று பேனா. ஆண்டனி ராஜ். தேவசிகாமணியோடு சேர்ந்து இந்த எந்திரத்தைக் கட்டியவர். அபிஷாவுக்குச் சிறுவயதிலிருந்து ஆண்டனி அங்கிள்.

"வாங்க மேடம். என்ன வேணும்னாலும் கேளுங்க. தேவசிகாமணி அண்ணனுக்காக என்னால முடிஞ்சது இதுதான்." ஆண்டனி ராஜ் ஒதுங்கி வழிவிட்டார்.

தரையில் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. அதைத் தாண்டி நின்றது எந்திரம். தொடை அகலத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், இரண்டு ஆள் உயரம். அடியில் துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும். குழாய் நிற்பது ஒரு இரும்புத் தட்டின் மேல். தட்டுக்குக் கீழே மோட்டார்.

"எனக்கு அஞ்சாம் கிளாஸ் பொண்ணுக்குச் சொல்ற மாதிரி சொல்லு" என்றாள் அற்புதம்.

அபிஷா சொன்னாள். "தண்ணிக்குள்ள காத்துல இருக்கற ஆக்ஸிஜன் கரையணும். கரைஞ்சாத்தான் அழுக்கைத் தின்கிற கிருமி உயிரோட இருக்கும். சும்மா காத்து விட்டா, குமிழி பெருசா வரும், ரெண்டு செகண்ட்ல மேல போய் உடைஞ்சு போயிரும். எதுவும் கரையாது. அதனால அப்பா குழாயையே மேலயும் கீழயும் ஆட்டினார். ஆட்டினா பெரிய குமிழி கடுகு கடுகா உடையும். மேல போகாம தண்ணிக்குள்ளயே திணறிக்கிட்டு நிக்கும். அதான் மோர் மாதிரி தெரியறது. அவ்வளவு நேரம் நின்னா ஆக்ஸிஜன் நல்லாக் கரையும்."

"அப்ப மோட்டார் ஓடினா மோர். நின்னா எலுமிச்சங்கா."

"ஆமா."

"மோட்டார் ஓடறப்பவே எலுமிச்சங்காய் வருமா?"

அபிஷா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஆண்டனி ராஜ்தான் முந்திக்கொண்டார். "வரும் மேடம். காத்தை முழுசாத் திறந்துவிட்டா, என்னதான் ஆட்டினாலும் குமிழி பெருசாத்தான் வரும். பாவம், அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்?"

அற்புதம் குனிந்து தட்டுக்குக் கீழே பார்த்தாள். மோட்டாரிலிருந்து வரும் இரும்புத் தண்டு தட்டைத் தொடாமல் தனியாகத் தொங்கியது. இரண்டையும் சேர்க்கும் இடத்தில் வெறும் ஓட்டை.

"இங்க ஒரு கடையாணி இருக்கணுமே?"

"அடிதடில தெறிச்சு விழுந்திருக்கும்" என்றார் ஆண்டனி ராஜ். "போலீஸ் தேடினாங்க. கிடைக்கல."

சுவிட்சுக்குப் பக்கத்தில் மோட்டாரைத் தானாக நிறுத்தும் ஒரு டைமர். அது 'ஆன்' நிலையில் இருந்தது; முள் ஓடி முடிந்து பூஜ்யத்தில் நின்றது. அபிஷா முகத்தைச் சுருக்கினாள். "அப்பா டைமரைத் தொடவே மாட்டாரே. அவரே வந்து நிறுத்துவார். அதனாலதானே நாலு மணி வரைக்கும் உயிரோட இருந்தார்ன்னு எல்லாரும் சொன்னாங்க?"

போலீஸின் கணக்கு அதுதான். மோட்டார் சத்தம் லைன் முழுக்கக் கேட்கும். அன்று நாலு மணி வரை கேட்டது. சத்தம் நின்ற கால் மணி நேரத்தில் கருப்பண்ணன் ரத்தத்தோடு வந்தான். ஆகவே கொலை நாலுக்கும் நாலேகாலுக்கும் நடுவில்.

"யாரோ கடையாணியை உருவிட்டு, டைமரை வெச்சு, மோட்டாரைச் சும்மா ஓட விட்டிருக்காங்க" என்றாள் அற்புதம் மெதுவாக. "ஊருக்குச் சத்தம் போச்சு. குழாய் ஆடல. பொன்னாயி ரெண்டு மணிக்குப் பார்த்தப்பவே அவர் கீழ செத்துக் கிடந்திருக்கார்."

அபிஷா தரையிலிருந்த ரத்தக் கறையைக் குனிந்து பார்த்தாள்.

ஆண்டனி ராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா... சொல்லக் கூடாது. மேனேஜர் மெல்வின் திங்கக்கிழமை அண்ணன் சட்டையைப் பிடிச்சார். எஸ்டேட் தண்ணி நாறுதுன்னு அண்ணன் வெளில சொல்லிட்டார்னு கோபம். செவ்வாய் மூணு மணிக்கு மெல்வின் குப்பனூர் ரோடு வழியா இறங்கிப் போயிட்டார். 'நாலு மணிக்கு நான் இங்க இல்ல'ன்னு அவர் சொல்லிக்க வசதியா."

"நீங்க எங்க இருந்தீங்க சார்?" லோகேஷ் பஞ்சு வழியாகக் கேட்டான்.

"ஒன்றரைக்குக் கிளம்பினேன். மூணு மணிக்குச் சேலத்துல காலேஜ்ல கிளாஸ். அறுபது பசங்க. அஞ்சு வரைக்கும்."

அற்புதம் குழாயின் ஓரத்தில் தொங்கிய சின்னப் பெட்டியைத் தொட்டாள். திரை இருட்டாக இருந்தது.

"ஆக்ஸிஜன் மீட்டர்" என்றார் ஆண்டனி ராஜ். "செத்துப் போச்சு மேடம். ரொம்ப நாளா ரிப்பேர்."

"இன்னொரு எந்திரம் எங்கயாவது இருக்கா? காத்தை முழுசா விட்டா எலுமிச்சங்காய் வருதான்னு பார்க்கணும்."

"கரடியூர் எஸ்டேட்ல ஒண்ணு இருக்கு" என்றாள் அபிஷா. "அங்கிள்தான் மாட்டிக் குடுத்தார்."

"அங்கே மோட்டார் எரிஞ்சு போச்சும்மா. ஒரு வாரமா ஓடல. வீணா அலையாதீங்க."

வெளியே வந்ததும் அற்புதம் அபிஷாவின் கையில் அந்த மீட்டரை வைத்தாள். உள்ளேயிருந்து வரும்போதே கழற்றி முந்தானையில் மறைத்திருந்தாள். "ரிப்பேர்தானா, சார்ஜ் இல்லையான்னு பார்த்து எனக்கு போன் பண்ணு கண்ணு."

பழம் எடை போடும் இடத்தில் மெல்வினைப் பிடித்தார்கள். சிவந்த முகம், சத்தமான குரல்.

"சட்டையைப் பிடிச்சேன். ஆமா. அதுக்கு இப்ப வெக்கப்படறேன். ஆனா செவ்வாய்க்கிழமை பன்னெண்டரைல இருந்து ரெண்டே முக்கால் வரைக்கும் இந்தத் தராசை விட்டு நகரல. நாப்பது பொம்பளைங்க பழத்தோட நின்னாங்க. ஒருத்தியைக் கேளுங்க, எத்தனை தும்மல் போட்டேன்னுகூடச் சொல்லுவா."

லோகேஷ் நாலு பேரைக் கேட்டான். தும்மலைத் தவிர எல்லாம் சரியாக இருந்தது.

"பன்னெண்டரைக்கு முன்னாடி கொன்னிருந்தா?" என்றான் ஜீப்பைக் கிளப்பியபடி.

"அதை மீட்டர் சொல்லும். நீ கரடியூருக்கு விடு."

"மோட்டார் எரிஞ்சு போச்சுன்னாரேக்கா."

"எரிஞ்ச மோட்டார்ல கடையாணி எரிஞ்சிருக்காதுல்ல? அதைக் கடன் வாங்கிட்டு வந்து மாட்டலாம்."

முக்கால் மணி நேரம் காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே வளைந்து போனார்கள். கரடியூர் எஸ்டேட்டின் பல்பர் ஷெட் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே லோகேஷ் பிரேக் போட்டான். பள்ளத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் ஏறி வந்தது.

"எரிஞ்ச மோட்டாருக்குத் தொண்டை நல்லாருக்கேக்கா."

அற்புதத்தின் முகம் மாறியது. "உள்ளே போ."

ஷெட் வாசலில் அழுகிய முட்டை நாற்றம். ஓடையில் தண்ணீர் கறுப்பாக ஓடியது. உள்ளே ஒரு நடுத்தர வயதுப் பெண், காமாட்சி, பழத்தோலை அள்ளிக்கொண்டிருந்தாள். மோட்டார் உறுமியது. கண்ணாடிக் குழாயில் கலங்கல் தண்ணீர். அதற்குள் எலுமிச்சங்காய் அளவில் குமிழிகள் குடுகுடுவென்று மேலே ஓடின.

தண்டு தட்டைத் தொடாமல் காற்றில் குத்திக்கொண்டிருந்தது. கடையாணி இல்லை.

"ஏனுங்க அம்மிணி, யாருங்க நீங்க?" காமாட்சி எழுந்தாள்.

"என்ஜினியர் பொண்ணு அனுப்பினா. இந்த ஆணி எங்க?"

காமாட்சி ஒரு தகர டப்பாவிலிருந்து விரல் தடிமனான கடையாணியை எடுத்து நீட்டினாள். "ஆண்டனி சார்தானுங்க கழட்டி வெக்கச் சொன்னாரு. ஆட்டி ஆட்டி மூணு தடவ கண்ணாடி வெடிச்சுப் போச்சுங்க. ஆபீசருங்க வந்தாச் சத்தம் கேட்டாப் போதும், உள்ள வந்து பாக்க மாட்டாங்கன்னு சொன்னாரு."

"இது என்ஜினியருக்குத் தெரியுமா?"

"திங்கக்கெழம வந்தாருங்க. பாத்தாரு. அந்தக் கல்லு மேல உக்காந்துட்டாருங்க. கீழ ஊருல ரெண்டு மாடு செத்துச்சுன்னு சொன்னன். நாளைக்கே எல்லா எஸ்டேட்டுக்கும் எழுதிப்போடறன்னுட்டுப் போனாரு."

லோகேஷ் வெளியே கறுத்த ஓடையைப் பார்த்தான்.

அற்புதம் மோட்டாரை நிறுத்தினாள். தண்டையும் தட்டையும் சேர்த்துக் கடையாணியைச் செருகினாள். காற்று வால்வை முழுக்கத் திறந்தாள். சுவரில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை நடுவில் வைத்து சுவிட்சைத் தட்டினாள்.

குழாய் படபடவென்று ஆடியது. பெரிய குமிழிகள் நொறுங்கின. ஒரு நிமிடத்தில் அடி முதல் நுனி வரை வெள்ளை. காற்று முழுசாகத் திறந்திருந்தும், மோர்.

"ஆண்டனி பொய் சொல்லியிருக்கான்" என்றாள் அற்புதம்.

போன் அடித்தது. அபிஷா. மூச்சு வாங்கியது அவளுக்கு.

"அக்கா, மீட்டர் ரிப்பேரே இல்ல. சார்ஜ்தான் தீர்ந்திருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பதிவு பண்ணியிருக்கு. செவ்வாய்க்கிழமை காலைல இருந்து ஆக்ஸிஜன் அளவு ஆறே முக்கால், ஆறே முக்கால்னு நிக்குது. மணி ஒண்ணு இருபதுக்கு அது அஞ்சு. அடுத்தது மூணு. அப்பறம் ஒண்ணுக்கும் கீழ. மோட்டார் நாலு மணி வரைக்கும் ஓடியிருக்கு. ஆனா ஒண்ணு இருபதுக்கே குழாய் ஆடறது நின்னிருக்கு. ஒண்ணு இருபதுக்கு அப்பாகூட ஷெட்ல இருந்தது அங்கிள் மட்டும்தான். ஒன்றரைக்குக் கிளம்பினேன்னு அவர்தானே சொன்னார்?"

"அவர் இப்ப எங்க?"

"நீங்க எங்க போனீங்கன்னு கேட்டார். கரடியூர் பக்கம்னு டிரைவர் யாரோ சொல்லியிருக்காங்க. பைக்ல..."

அற்புதம் திரும்புவதற்குள் லோகேஷ் கத்தினான். கத்தலுக்கு நடுவில் எலும்பு முறிந்தது. வாசலில் ஆண்டனி ராஜ் நின்றார். கையில் ஒரு முழ நீள ஸ்பானர். லோகேஷின் தோள்பட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. இரண்டாவது அடி விலாவில். அவன் பழத்தோல் குவியலில் போய் விழுந்தான்.

காமாட்சி மண்வெட்டியைத் தூக்கினாள். ஆண்டனி ராஜ் அதைப் பிடுங்கிக் கைப்பிடியால் அவள் நெற்றியில் இடித்தார். அவள் சுருண்டு விழுந்தாள்.

அற்புதம் அவர் முழங்காலில் உதைத்தாள். ஸ்பானர் கைநழுவி விழுந்தது. ஆனால் அவர் விழவில்லை. இரண்டு கையாலும் அவள் கழுத்தைப் பிடித்துக் குழாயின் இரும்புத் தட்டு வரை தள்ளிக்கொண்டு போனார். அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்துப் போயிருந்தது. அந்தக் கண்களில் அழுகை இருந்தது. கையில் மட்டும் தளர்வு இல்லை.

"மூணு கண்ணாடி வெடிச்சுது! மூணு! இன்னும் அஞ்சு எஸ்டேட்ல மாட்டித் தர்றேன்னு வாக்குக் குடுத்திருந்தேன். கொஞ்ச நாள் பொறுங்கண்ணா, சரி பண்ணிடறேன்னு கால்ல விழுந்தேன். 'மாடு செத்துருச்சு ஆண்டனி, அடுத்தது புள்ளைங்க'ன்னு ஒரே பேச்சு. பேனாவை எடுத்து எழுத உக்காந்துட்டார். என் முன்னாடியே!"

அற்புதத்துக்குக் கண் இருண்டது. விரல்களால் அவர் முகத்தைக் கீறினாள். தோல் கிழிந்தது. பிடி விடவில்லை.

குவியலிலிருந்து லோகேஷ் ஊர்ந்தான். ஒரு கை செயலற்றுப் பின்னால் இழுபட்டது. சுவர் ஓரம் வந்து, மறு கையை நீட்டி, வேகத் திருகை எட்டினான். அதைக் கடைசி வரை திருகினான்.

ஷெட்டே உறுமியது. தட்டு அற்புதத்தின் முதுகில் சம்மட்டி போல அடித்தது. அவள் தோளுக்குப் பின்னால், குழாயின் அடியில், மோருக்குள் ஒரு மாற்றம். குமிழிகள் நின்றன. பிறகு மேலே போக வேண்டியவை கீழே இறங்க ஆரம்பித்தன. கூட்டம் கூட்டமாக, அடியை நோக்கி.

ஆண்டனி ராஜ் அதைப் பார்த்தார். அவ்வளவு கடுமையாக ஆட்டினால்தான் குமிழி கீழே இறங்கும் என்று அந்த ஷெட்டில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதற்கு அடுத்து என்ன நடக்கும் என்பதையும் மூன்று முறை பார்த்தவர். முகம் வெளிறியது. கை தளர்ந்தது. ஓடத் திரும்பினார்.

அற்புதம் அப்படியே தரையோடு தரையாக விழுந்தாள்.

கண்ணாடி வெடித்தது. இரண்டு ஆள் உயரத் தண்ணீர், கத்தி கத்தியான துண்டுகளோடு, நெஞ்சு உயரத்தில் பாய்ந்து ஆண்டனி ராஜை முதுகில் அடித்துச் சுவரில் மோதியது. அவர் சரிந்தார். ஒரு காது பாதி தொங்கியது. முதுகில் ஏழெட்டு இடத்தில் சட்டை சிவந்து நனைந்தது. நாற்றத் தண்ணீருக்குள் கைகளை ஊன்றி எழப் பார்த்தார்.

நெற்றியில் ரத்தம் வழிய வந்த காமாட்சி அவருடைய மணிக்கட்டின் மேல் காலை வைத்து நின்றாள். "அசையாதீங்க சார்" என்றாள். "அப்பிடியே கெடங்க."

லோகேஷ் சுவரில் சாய்ந்தபடி பல்லைக் கடித்தான். "அக்கா... ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச டிரைவர் வேண்டாம். சிரிப்பானுங்க."

அற்புதம் பேச முயன்றாள். குரல் வரவில்லை. அவன் தலையில் கையை வைத்தாள்.

மூன்று மணிக்கு மாரமங்கலம் திரும்பியபோது அவள் கழுத்தில் பத்து விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. ஆண்டனி ராஜைப் போலீஸ் காவலில் கீழே கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய பைக் பெட்டியிலிருந்து இன்னொரு கடையாணி கிடைத்தது. தேவசிகாமணியின் எந்திரத்துடையது. அதில் ரத்தம் இருந்தது.

செய்தி அவர்களுக்கு முன்பே லைனுக்கு வந்திருந்தது. பழக்கூடைகளை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் பொன்னாயி வீட்டு முன்னால் நின்றார்கள். காலையில் நின்ற அதே இருபது பேர். மாரியப்பன் வீங்கிய கட்டைவிரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அபிஷா பொன்னாயியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்தது. அவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அற்புதத்தைத் தனியே கூப்பிட்டார். இரண்டே வாக்கியம். அற்புதம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு வந்து பொன்னாயிக்கு எதிரில், மண்ணில் உட்கார்ந்தாள்.

"பொன்னாயி." கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "ஆஸ்பத்திரில இருந்து போன் வந்துச்சு. பன்னெண்டு மணிக்கு உயிர் போச்சாம். நினைவு திரும்பவே இல்லையாம்."

பொன்னாயி கத்தவில்லை. அபிஷாதான் விம்மினாள். கூட்டத்தில் ஒரு கிழவன் தலையிலிருந்த துண்டை எடுத்தான்.

"உன் புருசன் தப்பே பண்ணலைன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு" என்றாள் அற்புதம்.

"அவருக்கு மொதல்லயே தெரியுமுங்களே" என்றாள் பொன்னாயி.

இன்ஸ்பெக்டர் தயங்கினார். கையில் பேப்பரும் பேனாவும். "அம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா இது இப்ப ரெண்டாவது கொலை. அடிச்சவங்க யாருன்னு இதுவரைக்கும் யாருமே சொல்லல. நீ அன்னிக்குக் களத்துல இருந்தே. பாத்தியா?"

மாரியப்பன் ஒரு அடி முன்னால் வந்தான். "அக்கா..." என்றான். காலையில் போடி என்ற வாய். "அக்கா, எனக்குப் பொட்டப் புள்ள இருக்குதுக்கா. தெரியாம... அவருதான்னு நெனச்சுத்தான்..."

பொன்னாயி அவனைப் பார்த்தாள். கலைந்து கிடந்த முடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்தாள். எழுந்து நின்றாள்.

"ஆறு பேருங்க. எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். கூட்டத்தில் ஒரு குழந்தை அழுதது. யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

"மொதப் பேரு மாரியப்பன்."

"அப்பா பேரு?"

"சின்னப்பையன்" என்றாள் பொன்னாயி. "எனக்கும் அவருதானுங்க அப்பன்."